120 கிரெடிட்டில் மூளைக்கு எவ்வளவு?

அமெரிக்காவில் இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக வேண்டியது 120 செமஸ்டர் கிரெடிட். செமஸ்டருக்கு 15 வீதம் 8 செமஸ்டர், அதாவது 4 ஆண்டுகள். நரம்பறிவியலை மேஜராக எடுக்கும் மாணவருக்கும் இதே 120தான். சான்றிதழில் ஒரு பாடத்தின் பெயர்தான் இருக்கும். ஆனால் மூளையையும் நரம்பு மண்டலத்தையும் நேரடியாகக் கற்பிக்கும் வகுப்புகள் அந்த 120இல் கால் பங்கை ஒட்டியே நிற்கும். மீதி முக்கால் பங்கு எங்கே செலவாகிறது என்று பார்க்காமல் இந்தப் படிப்பை எடைபோட முடியாது.

கிரெடிட் என்பது நேரத்தின் அளவு. அமெரிக்க ஒன்றிய அரசின் விதிப்படி 1 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 1 மணி நேரம் வகுப்பு, வகுப்புக்கு வெளியே குறைந்தது 2 மணி நேரம் படிப்பு, இப்படி ஏறத்தாழ 15 வாரம். ஆக 1 கிரெடிட்டுக்கு 45 மணி நேரம். 120 கிரெடிட்டுக்கு 5,400 மணி நேரம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெரும்பாலான வளாகங்களில் ஆண்டைக் காலாண்டுகளாகப் பிரிக்கிறார்கள். அங்கே பட்டத்துக்குக் குறைந்தது 180 யூனிட். 1 யூனிட்டுக்கு வாரம் 3 மணி நேரம், 10 வாரம், ஆக 30 மணி நேரம். 180ஐ 30ஆல் பெருக்கினாலும் 5,400தான் வருகிறது. எண் 50 சதவீதம் பெரிதாகத் தெரிந்தாலும் உழைப்பு ஒன்றே.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்ஐடி இந்தக் கணக்கை ஒவ்வொரு பாடத்தின் தலையிலும் எழுதி வைத்திருக்கிறது. முதல் நுண்கணிதப் பாடத்துக்கு 5-0-7 என்று போட்டிருக்கும்: வாரத்துக்கு 5 மணி நேரம் வகுப்பு, ஆய்வகம் இல்லை, 7 மணி நேரம் சொந்தப் படிப்பு. மொத்தம் 12 யூனிட். 1 யூனிட் என்பது ஒரு செமஸ்டரில் 14 மணி நேர வேலை. எந்த மேஜரானாலும் 17 பொதுப் பாடங்கள் கட்டாயம். அவை 204 யூனிட். அவற்றுக்கு மேல் குறைந்தது 180 யூனிட் வேண்டும். 384ஐ 14ஆல் பெருக்கினால் 5,376 மணி நேரம். அளவுகோல் மூன்றும் வேறு வேறு. அவற்றுக்கிடையே உள்ள வித்தியாசம் 24 மணி நேரம், அதாவது 0.5 சதவீதத்துக்கும் குறைவு. அந்த 17 பாடங்களில் 6 பாடங்கள் அறிவியல் அடிப்படை: இயற்பியல் 2, நுண்கணிதம் 2, வேதியியல் 1, உயிரியல் 1. பொருளாதாரம் படிக்க வந்தவரும் இந்த 72 யூனிட்டை, அதாவது 1,008 மணி நேரத்தை, முடித்தாக வேண்டும்.

இங்கிலாந்தில் ஆனர்ஸ் பட்டத்துக்கு 360 கிரெடிட், 3 ஆண்டுகள். அங்கே 1 கிரெடிட் 10 மணி நேரம். ஆக மொத்தம் 3,600 மணி நேரம். இந்தியாவில் தேசியக் கிரெடிட் சட்டகம் ஆண்டுக்கு 1,200 மணி நேரத்தை 40 கிரெடிட்டாகக் கணக்கிடுகிறது. 1 கிரெடிட்டுக்கு 30 மணி நேரம். 3 ஆண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்டுக்கு 3,600 மணி நேரம். 4 ஆண்டு ஆனர்ஸின் 160 கிரெடிட்டுக்கு 4,800 மணி நேரம். அமெரிக்காவின் 120உம் இந்தியாவின் 120உம் ஒரே எண்தான். ஆனால் முன்னது பின்னதைப்போல் ஒன்றரை மடங்கு. கிரெடிட் எண்ணிக்கையை மட்டும் வைத்து நாடுகளை ஒப்பிடுபவர் முதல் வரியிலேயே 1,800 மணி நேரத்தைத் தவறவிடுகிறார்.

இனி அந்த 120இன் உள்ளே போகலாம். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். ஆனாலும் பெரும்பாலான பட்டியல்களில் திரும்பத் திரும்ப வரும் பாடங்களைக் கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போட முடியும். பொது உயிரியல் 2 செமஸ்டர், பொது வேதியியல் 2, கரிம வேதியியல் 2, இயற்பியல் 2; ஆய்வகத்தோடு சேர்த்து ஒவ்வொன்றும் 4 கிரெடிட் என்றால் 32. நுண்கணிதம் 2 செமஸ்டர், 8. புள்ளியியல் 3, பொது உளவியல் 3. கூட்டினால் 46 கிரெடிட், 2,070 மணி நேரம். கரிம வேதியியலையும் நுண்கணிதத்தையும் ஒவ்வொரு செமஸ்டரோடு நிறுத்திக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. அங்கே இது 38 ஆகும். 38ஆக இருந்தாலும் 46ஆக இருந்தாலும் இவற்றில் ஒன்றுகூட நரம்பறிவியல் துறையின் பாடம் அல்ல.

துறையின் சொந்தப் பாடங்கள் இப்படி வரும்: அறிமுகம் 3, நரம்பணுவும் மூலக்கூறும் 3, நரம்பு மண்டல அமைப்புகள் 3, நடத்தையும் அறிதலும் 3, ஆய்வக முறைகள் 3, மருந்தியல், வளர்ச்சி, புலனுணர்வு, உயிர்வேதியியல் போன்றவற்றிலிருந்து விருப்பப் பாடங்கள் 12, ஆய்வு அல்லது ஆய்வேடு 3. மொத்தம் 30 கிரெடிட், 1,350 மணி நேரம். அடித்தளம் 46, துறை 30, இரண்டும் சேர்ந்து 76. இதில் அடித்தளத்தின் பங்கு 60.5 சதவீதம். மேஜரின் பெரும்பகுதி உயிரியலும் வேதியியலும் இயற்பியலும் கணிதமும்தான். இதை ஒரு குறையாக நான் பார்க்கவில்லை. காரணம் கீழே வருகிறது. ஆனால் சேரும் முன்பே மாணவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண் இது.

120இலிருந்து 76 போக மீதி 44. இது எப்படிச் செலவாகும் என்பது இடத்தைப் பொறுத்தது. நரம்பறிவியல் மேஜர் உள்ள ஆஸ்டின், டல்லாஸ் வளாகங்கள் இருக்கும் டெக்சஸில், அரசுப் பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் 42 கிரெடிட் பொதுப் பாடத்திட்டம் சட்டப்படி கட்டாயம். எழுத்தும் பேச்சும் 6, கணிதம் 3, இயற்கை அறிவியல் 6, மொழி-தத்துவம்-பண்பாடு 3, கலை 3, அமெரிக்க வரலாறு 6, அரசியல் 6, சமூக அறிவியல் 3, கல்லூரியின் விருப்பம் 6. இவற்றில் கணிதம், இயற்கை அறிவியல், சமூக அறிவியல் ஆகிய 12 கிரெடிட் மேஜரின் நுண்கணிதத்தாலும் உயிரியலாலும் உளவியலாலும் நிறைவேறிவிடும். மீதி 30. ஆக ஒரு டெக்சஸ் மாணவரின் 120 இப்படிப் பிரிகிறது: அடித்தள அறிவியல் 38.3 சதவீதம், நரம்பறிவியல் 25, பொதுப் பாடம் 25, முழுச் சுதந்திரம் 11.7. வரலாறும் அரசியலும் சேர்ந்து 12 கிரெடிட். மாணவர் தாமாகத் தேர்ந்தெடுக்கக்கூடிய 4 விருப்பப் பாடங்களுக்குச் சமம்.

மாசசூசெட்ஸில் உள்ள ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் கதை வேறு. பட்டத்துக்கு 32 பாடங்கள்; அவற்றில் எல்லோருக்கும் கட்டாயம் முதலாண்டுக் கருத்தரங்கு 1 மட்டும். 31 பாடங்களை மாணவரும் துறையும் தீர்மானிக்கிறார்கள். 1973இல் நரம்பறிவியலை இளங்கலைப் படிப்பாகத் தொடங்கி முன்னோடியானது இந்தக் கல்லூரிதான்.

கூட்டுத்தொகையைவிட வரிசை முக்கியம். மாதிரிக் கணக்கை முதல் 4 செமஸ்டரில் பரப்பினால், 60 கிரெடிட்டில் அடித்தள அறிவியல் 46, பொதுப் பாடமும் பிறவும் 11, நரம்பறிவியல் 3. அதாவது முதல் 2 ஆண்டுகளில் மூளை பற்றிய வகுப்பு 5 சதவீதம். பாதிப் படிப்பு முடிந்த நிலையில் மாணவர் தம் மேஜரில் ஒரே ஒரு பாடம் முடித்திருப்பார். துறையை மாற்றிக்கொண்டு போகிறவர்கள் இந்தக் கட்டத்தில்தான் போகிறார்கள் என்றால் அதில் வியப்பில்லை. அவர்கள் நரம்பறிவியலை விட்டுப் போகவில்லை. கரிம வேதியியலை விட்டுப் போகிறார்கள். இந்த 3ஐ முதல் செமஸ்டருக்கே கொண்டுவரும் கல்லூரிகள் மாணவருக்கு நன்மை செய்கின்றன என்பது என் கருத்து.

அடுத்த எண் 5. பொது வேதியியல் முதல் செமஸ்டர், இரண்டாம் செமஸ்டர், கரிம வேதியியல் முதல், இரண்டாம், பிறகு உயிர்வேதியியல்: இந்தச் சங்கிலியில் 5 கண்ணிகள். ஒன்றில் தேர்ச்சி பெறாமல் அடுத்ததில் உட்கார முடியாது. தேர்ச்சி என்பது பெரும்பாலும் ‘சி’ கிரேடு அல்லது அதற்கு மேல். முதல் செமஸ்டரில் தொடங்குபவர் 5ஆம் செமஸ்டரில் முடிப்பார்; உயிர்வேதியியலை முன்தேவையாகக் கேட்கும் உயர்நிலைப் பாடங்களுக்கு 3 செமஸ்டர் கையில் இருக்கும். மூன்றாம் செமஸ்டரில் தொடங்குபவருக்கு மிஞ்சுவது 1. சிறிய கல்லூரிகளில் கரிம வேதியியல் முதல் பாகம் ஆண்டுக்கு ஒருமுறைதான் நடக்கும். அங்கே ஒரு செமஸ்டர் தவறினால் இழப்பு ஒரு ஆண்டு. 120 கிரெடிட் கைவசம் இருந்தும் பட்டம் கைக்கு வராத நிலை இப்படித்தான் உருவாகிறது.

அடித்தளம் ஏன் இவ்வளவு என்று கேட்கலாம். ஒரே ஒரு கணக்கைப் பார்ப்போம். அறிமுகப் பாடத்தின் தொடக்க வாரங்களிலேயே நெர்ன்ஸ்ட் சமன்பாடு வரும். நரம்பணுவுக்கு வெளியே பொட்டாசியம் அயனியின் செறிவு லிட்டருக்கு 5 மில்லிமோல், உள்ளே 100 மில்லிமோல் என்று கொள்வோம். விகிதம் 1க்கு 20. 20இன் மடக்கை 1.301. உடல் வெப்பநிலையான 37 டிகிரி செல்சியஸில் சமன்பாட்டின் மாறிலி 61.5 மில்லிவோல்ட். பெருக்கினால் 80, உட்புறம் எதிர்மின் என்பதால் விடை மைனஸ் 80 மில்லிவோல்ட். இனி வெளியே உள்ள பொட்டாசியத்தை 5இலிருந்து 50 ஆக உயர்த்துங்கள். விகிதம் 1க்கு 2, மடக்கை 0.301, விடை மைனஸ் 18.5. செறிவு 10 மடங்கு ஏறியதும் மின்னழுத்தம் 61.5 மில்லிவோல்ட் நகர்ந்துவிட்டது. நரம்பணு இந்த நிலையில் வழக்கமான முறையில் செய்தி அனுப்ப முடியாது. நாலு வரிக் கணக்கு இது. செறிவு என்பது பொது வேதியியல், மின்னழுத்தம் என்பது இயற்பியல், மடக்கை என்பது கணிதம், சவ்வு என்பது உயிரியல். இந்த 4 பாடங்களும் இல்லாதவர் விடையை மனப்பாடம் செய்யலாம். 5ஐ 50 ஆக்கினால் என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

நுண்கணிதத்துக்குச் சாட்சி 1952. அந்த ஆண்டு ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும், அவற்றில் ஒன்றில் பெர்னார்ட் காட்ஸும் சேர்ந்து, 5 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டார்கள். கணவாயின் பெரிய நரம்பிழையில் மின்துடிப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை 4 வகைக்கெழுச் சமன்பாடுகளில் அடக்கிக் காட்டினார்கள். கேம்பிரிட்ஜின் கணினி அப்போது மாதக்கணக்கில் பயன்பாட்டில் இல்லை. ஹக்ஸ்லி கையால் சுழற்றும் கணக்கிடும் பொறியில் ஏறத்தாழ 3 வாரம் உட்கார்ந்து சமன்பாடுகளைத் தீர்த்தார். 1963இல் ஹாட்ஜ்கினுக்கும் ஹக்ஸ்லிக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஜான் எக்கிள்ஸும் அதில் பங்கு பெற்றார். இன்று மூன்றாம் ஆண்டு மாணவர் அதே 4 சமன்பாடுகளை மடிக்கணினியில் சில வினாடிகளில் ஓடவிடுகிறார். வகைக்கெழு என்றால் என்ன என்று தெரிந்தால்தான் திரையில் வரும் கோட்டுக்குப் பொருள் உண்டு. 120இல் 8 கிரெடிட் இதற்காக என்றால் அது 6.7 சதவீதம், அதிகமில்லை.

சென்ற சில ஆண்டுகளில் வேகமாக ஏறிவரும் தேவை நிரல் எழுதுதல். 1986இல் ஒரு வகை உருளைப்புழுவின் நரம்பு மண்டல இணைப்புப் படம் வெளியானது, நரம்பணுக்கள் 302. 2024இல் வளர்ந்த பெண் பழ ஈயின் மூளைப் படம் முழுமையாக வெளியானது, நரம்பணுக்கள் 1,39,255. 38 ஆண்டுகளில் 461 மடங்கு. 2025இல் எலியின் பார்வைப் புறணியில் ஏறத்தாழ 1 கன மில்லிமீட்டரை மட்டும் வரைந்தபோது 52 கோடிக்கு மேற்பட்ட சினாப்ஸ்களும் 1.6 பெட்டாபைட், அதாவது 1,600 டெராபைட் தரவும் கிடைத்தன. மனித மூளையில் உள்ள நரம்பணுக்கள் ஏறத்தாழ 8,600 கோடி. சென்னையிலும் இந்த வேலை நடக்கிறது: ஐஐடி மெட்ராஸின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற பெயரில் கருவில் வளரும் மனித மூளையின் 5,132 வெட்டுத் துண்டுகளின் படங்களை வெளியிட்டது. இவ்வளவு தரவைக் கண்ணால் பார்த்து எண்ண முடியாது. ஆனாலும் எல்லாப் பட்டியல்களிலும் நிரல் பாடம் கட்டாயமாகவில்லை. கட்டாயமான இடங்களிலும் அது பெரும்பாலும் 3 அல்லது 4 கிரெடிட்தான். கரிம வேதியியலின் 8க்குப் பக்கத்தில் வைத்தால் இந்த 3 எனக்குக் குறைவாகவே படுகிறது.

பாடநூலின் பருமனும் ஒரு அளவுகோல்தான். எரிக் காண்டலும் ஜேம்ஸ் ஷ்வார்ட்ஸும் பதிப்பித்த நரம்பறிவியல் கோட்பாடுகள் நூலின் முதல் பதிப்பு 1981இல் வந்தது, 468 பக்கம். 2021இல் வந்த 6ஆம் பதிப்பு 1,600 பக்கத்தைத் தாண்டிவிட்டது. 40 ஆண்டுகளில் மூன்று மடங்குக்கு மேல். துறைக்கு ஒதுக்கப்படும் 30 கிரெடிட் அதே வேகத்தில் வளர முடியாது. 120 என்ற கூரை அப்படியே இருக்கிறது.

ஆய்வகத்தில் செலவாகும் நேரம் கிரெடிட் எண்ணிக்கையில் முழுதாகத் தெரியாது. விரிவுரை 1 கிரெடிட்டுக்கு வாரம் 1 மணி நேரம். ஆய்வகம் 1 கிரெடிட்டுக்கு வழக்கமாக 3 மணி நேரம். அடித்தளத்தில் 8 ஆய்வகங்கள். வாரம் 3 மணி நேரம், 15 வாரம், 8 ஆய்வகம்: 360 மணி நேரம். அதே 8 கிரெடிட்டை விரிவுரையாகப் படித்திருந்தால் வகுப்பறையில் 120 மணி நேரம்தான். கரிம வேதியியலும் இயற்பியலும் சேர்ந்து வரும் செமஸ்டரில் 15 கிரெடிட் எடுத்த மாணவர் வாரம் 19 மணி நேரம் வகுப்பிலும் ஆய்வகத்திலும் இருப்பார். பகுதிநேர வேலை செய்து படிப்பவருக்கு இந்தக் கூடுதல் 4 மணி நேரம் சிறியதல்ல. பிற்பகல் ஆய்வகத்தை வேறு நேரத்துக்கு மாற்றிக்கொள்ளவும் முடியாது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு செய்முறை 1 கிரெடிட்டுக்குச் செமஸ்டரில் 30 மணி நேரம் என்று வைத்திருக்கிறது. அதன்படி 8 கிரெடிட் 240 மணி நேரம். அமெரிக்க வழக்கத்தைவிட 120 குறைவு.

இனி பணம். கல்லூரி வாரியம் என்ற அமெரிக்க அமைப்பின் கணக்குப்படி, 2024-25இல் 4 ஆண்டு அரசுப் பல்கலைக்கழகங்களில் அந்தந்த மாநில மாணவருக்குச் சராசரிக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு 11,610 டாலர். வெளிமாநில மாணவருக்கு 30,780. லாபநோக்கற்ற தனியார் கல்லூரிகளில் 43,350. ஆண்டுக்கு 30 கிரெடிட் என்று வகுத்தால் 1 கிரெடிட்டின் விலை முறையே 387, 1,026, 1,445 டாலர். 46 கிரெடிட் அடித்தளத்துக்கு 17,802, 47,196, 66,470 டாலர். அரசுப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர் பொதுவாக வெளிமாநிலக் கட்டணமாவது தர வேண்டும். ஆகவே நரம்பறிவியலின் சொந்த 30 கிரெடிட்டுக்கு அவர் தருவது 30,780, அதற்கு முந்தைய அடித்தளத்துக்குத் தருவது 47,196. 120க்கும் சேர்த்து 1,23,120 டாலர். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1 கோடியே 4 லட்சத்து 65 ஆயிரம் ரூபாய். விடுதியும் உணவும் காப்பீடும் இதில் இல்லை.

கட்டணம் 4 ஆண்டும் ஒரே இடத்தில் நிற்காது. வெளிமாநிலச் சராசரி 2023-24ஐவிட 2024-25இல் 3.2 சதவீதம் ஏறியது. அதே வேகம் தொடர்ந்தால் 4 ஆண்டுகளின் கூட்டுத்தொகை 1,23,120 அல்ல, ஏறத்தாழ 1,29,157. கூடுதல் 6,037 டாலர். 6 கிரெடிட்டுக்குச் சற்றுக் குறைந்த விலை. வேதியியல் சங்கிலி அறுந்து ஐந்தாம் ஆண்டு தேவைப்பட்டால் அதற்கு 30,780க்கும் மேல். எம்ஐடியில் 2024-25 கட்டணம் 61,990 டாலர். 4 மடங்கு 2,47,960. ஆனால் 2025 முதல், ஆண்டு வருமானமும் அதற்கேற்ற சொத்தும் 2,00,000 டாலருக்குக் கீழுள்ள குடும்பத்து மாணவருக்கு அங்கே கல்விக் கட்டணம் இல்லை. அறிவிக்கப்பட்ட விலையும் கட்டும் விலையும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான எண் தேவையில்லை.

அடித்தளத்தை மலிவாக முடிக்க உள்ளூர் மாணவருக்கு ஒரு வழி இருக்கிறது. 2 ஆண்டு சமுதாயக் கல்லூரியில் அந்தப் பகுதி மாணவருக்கு 2024-25இல் சராசரிக் கட்டணம் 4,050 டாலர். 1 கிரெடிட் 135. 46 கிரெடிட்டையும் அங்கே முடித்து, பிறகு மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு மாறினால் மிச்சம் 11,592 டாலர். கிட்டத்தட்ட ஒரு முழு ஆண்டுக் கட்டணம். மாறிய பிறகு அந்த 46உம் மேஜருக்குச் செல்லும் என்று எழுத்தில் உறுதி இருந்தால்தான் இந்த மிச்சம் நிற்கும். உயிரியல் அறிவியல் மாணவருக்கான வேதியியலா, பிற துறையினருக்கான சுருக்கமான வேதியியலா என்ற ஒரே வேறுபாட்டில் 8 கிரெடிட் வீணாகலாம்.

இந்த மேஜரை எடுப்பவர்களில் பலர் மனதில் வைத்திருப்பது மருத்துவக் கல்லூரி. அதற்கும் இந்த அடித்தளமே வாசல்: உயிரியல், பொது வேதியியல், கரிம வேதியியல், இயற்பியல் ஆகிய 32 கிரெடிட் பொதுவானவை, 46இல் 69.6 சதவீதம். மருத்துவ நுழைவுத் தேர்வில் 4 பகுதிகள், 230 கேள்விகள். 2015இல் நடத்தையின் அடிப்படைகள் என்ற பகுதி சேர்ந்தது. 59 கேள்விகள், 25.7 சதவீதம். நரம்பறிவியல் மாணவருக்கு இது சாதகம். ஆனால் 2023-24இல் அமெரிக்க மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் 52,577 பேர், சேர்ந்தவர்கள் 22,981 பேர்: 43.7 சதவீதம். சேர்ந்தவர்களின் சராசரி மதிப்பெண் 4.0க்கு 3.77; பட்டம் பெற 2.0 போதும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் பெரிது. வெளிநாட்டு மாணவர்களைப் பெரும்பாலான அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் எடுப்பதே இல்லை என்பதையும் நம் பெற்றோர் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

மருத்துவம் கிடைக்காதவருக்குப் பட்டத்தின் குறியீட்டு எண் பயன்படும். அமெரிக்கக் கல்வித் துறையின் பாடப்பிரிவுப் பட்டியலில் நரம்பறிவியல் 2000இல் 30ஆம் பிரிவில், பல துறை கலந்த பாடங்களோடு இருந்தது. 2010இல் 26ஆம் பிரிவுக்கு, உயிரியல் அறிவியல்களுக்கு மாறியது. 26ஆம் பிரிவு முழுவதும் அறிவியல்-தொழில்நுட்பப் பட்டியலில் இருப்பதால், மாணவர் விசாவில் படித்தவர் பட்டத்துக்குப் பின் 12 மாதமும் கூடுதலாக 24 மாதமும், ஆக 36 மாதம் பயிற்சி வேலை பார்க்க விண்ணப்பிக்கலாம். ஒரே பெயரில் இரு துறைகள் பட்டம் தரும் கல்லூரியில் எந்தக் குறியீடு என்று கேட்டுக்கொள்வது நல்லது; வித்தியாசம் 24 மாதம்.

இத்துறையின் மூத்தவர்களில் பலர் இந்த 30 கிரெடிட்டைப் படித்து வந்தவர்கள் அல்லர். 2000இல் நோபல் பெற்ற எரிக் காண்டல் ஹார்வர்டில் இளங்கலையாகப் படித்தது வரலாறும் இலக்கியமும். வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் முடித்து கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றவர். நரம்பறிவியல் சங்கம் அமெரிக்காவில் 1969இல்தான் தொடங்கியது. 1971இல் நடந்த முதல் மாநாட்டுக்கு வந்தவர்கள் ஏறத்தாழ 1,400 பேர், பின்னாளில் அந்த எண் 30,000ஐத் தாண்டியது. 1995இல் டேவிட்சன் கல்லூரியில் ஆசிரியர்கள் கூடி இளங்கலைக் கல்விக்கு 4 மாதிரிகள் வகுத்தார்கள். தனி மேஜர் என்பது அவற்றில் ஒன்று மட்டும். உயிரியலுக்குள் அல்லது உளவியலுக்குள் ஒரு பிரிவாக, அல்லது துணைப் பாடமாகப் படிப்பதும் அன்றே ஏற்கப்பட்ட வழிகள்தான்.

இந்த மேஜர் இந்தியச் சட்டகத்தில் அடங்குமா? 76 அமெரிக்கக் கிரெடிட் 3,420 மணி நேரம். இங்கிலாந்தின் 3 ஆண்டுப் பட்டம் 3,600. அங்கே பொதுப் பாடம் இல்லாததால் முழுக்க அடங்கிவிடுகிறது. இந்தியக் கணக்கில் 3,420ஐ 30ஆல் வகுத்தால் 114 கிரெடிட். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 டிசம்பர் சட்டகத்தில் 4 ஆண்டு ஆனர்ஸுக்கு மேஜர் குறைந்தது 80, மைனர் 32, கூட்டினால் 112. இன்னும் 2தான் வேண்டும். பலதுறைப் பாடங்களுக்கான 9இல் அது கிடைக்கும். ஆய்வுத் திட்டத்துக்கு 12 கிரெடிட் தனியாக இருக்கிறது. 6 செமஸ்டரில் 75 சதவீதம் எடுத்தவருக்கு அது திறக்கும். 3 ஆண்டுப் பட்டத்தில் மேஜர் 60, மைனர் 24, மொத்தம் 84 கிரெடிட், 2,520 மணி நேரம். 900 மணி நேரம் குறைகிறது. தேசியக் கல்விக் கொள்கையை ஏற்காத தமிழ்நாட்டில் 3 ஆண்டுப் பட்டமே வழக்கம் என்பதால், இங்கே இந்த மேஜரை முழு அளவில் வைக்க நேரம் போதாது. முதுகலையோடு சேர்த்து 5 ஆண்டு ஒருங்கிணைந்த படிப்பாக வைத்தால் போதும். மணி நேரக் கணக்கு தடையாக இல்லை. தொடங்கத் துணியும் துறைகள்தான் வேண்டும்.

பிளஸ் டூவில் கணிதம் இல்லாமல் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் எடுத்த தமிழ்நாட்டு மாணவர்கள் இந்தப் படிப்பை விரும்பினால் முதலில் கவனிக்க வேண்டியது நுண்கணிதம். சில பல்கலைக்கழகங்களில் அதற்கு முந்தைய அடிப்படைக் கணிதப் பாடம் ஒன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்வார்கள். 1 செமஸ்டரும் ஏறத்தாழ 4,000 டாலரும் அதில் போகும். கிளம்புவதற்கு முன் கிடைக்கும் கோடை விடுமுறையில் அதை இங்கேயே படித்துவிட முடியும்.

விண்ணப்பிக்கும் முன் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பாட விவரப் புத்தகத்தை எடுத்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: அடித்தளத்துக்கு எத்தனை கிரெடிட், துறையின் சொந்தப் பாடத்துக்கு எத்தனை, மிக நீளமான முன்தேவைச் சங்கிலிக்கு எத்தனை செமஸ்டர். அந்தப் புத்தகம் நீங்கள் சேரும் கல்வியாண்டுக்கு உரியதாக இருக்கட்டும். பொதுவாகச் சேரும் ஆண்டின் விதிதான் பட்டம் வாங்கும் வரை உங்களுக்குப் பொருந்தும்.